அறுவை சிகிச்சைகள் நின்றிருந்தபோதும் ரத்தம் ஏன் போதவில்லை?

வாசகர் கேள்வி: நான் 41 வயதுப் பெண். ஓ பாசிட்டிவ் பிரிவு. இருபத்தாறு வயதிலிருந்து ஆண்டுக்கு இரண்டு முறை ரத்த தானம் செய்துவந்தேன். 2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்று தொடங்கியதும் நிறுத்திவிட்டேன். அறுவை சிகிச்சைகளை எல்லாம் தள்ளிவைத்துவிட்டார்களே, இனி ரத்தம் யாருக்குத் தேவைப்படப் போகிறது என்று நினைத்தேன். மருத்துவமனைப் பக்கம் போகவும் பயமாக இருந்தது. மறு ஆண்டு என் அப்பாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. அவர் ஓ நெகட்டிவ். அந்தப் பிரிவு ரத்தம் கையிருப்பில் இல்லை என்று இரண்டு முறை தேதி தள்ளிப்போனது. கடைசியில் நடந்தபோது, இரண்டு யூனிட் தயாராக வைத்திருந்தும் ஒன்றைத்தான் ஏற்றினார்கள். பற்றாக்குறையால் அவருக்குக் குறைத்துக் கொடுத்துவிட்டார்களா? அறுவை சிகிச்சைகள் நின்றிருந்த மாதங்களில் ரத்தம் மிச்சமாகியிருக்க வேண்டாமா? அவருக்கு ஏற்றிய ரத்தத்தைக் கொடுத்தவருக்கு அறிகுறி இல்லாத தொற்று இருந்திருந்தால்? இன்னொரு பெருந்தொற்று வந்தால் நான் என்ன செய்ய வேண்டும்? அப்போது நான் போய்க் கொடுத்திருந்தால் அப்பாவின் சிகிச்சை தள்ளிப்போயிருக்காது என்ற எண்ணம் என்னை விடுவதாக இல்லை.

பதில்: நான் ஒரு ரத்த வங்கி மருத்துவர். உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

2020 மார்ச்சில் நீங்கள் வழக்கம்போல் ரத்தம் கொடுத்திருந்தாலும், மறு ஆண்டு நடந்த உங்கள் அப்பாவின் அறுவை சிகிச்சைக்கு அது வந்து சேர்ந்திருக்காது. ஒருவரிடம் பெற்ற ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் சிவப்பணுக்களை, அதோடு சேர்க்கும் கரைசலைப் பொறுத்து, 35 அல்லது 42 நாள்தான் வைத்திருக்க முடியும். மே மாதம் முடிவதற்குள் உங்கள் ரத்தம் யாரோ ஒருவருடைய உடம்புக்குள் போயிருக்கும். இல்லாவிட்டால் காலாவதியாகி அகற்றப்பட்டிருக்கும். அதோடு, நீங்கள் ஓ பாசிட்டிவ், அவர் ஓ நெகட்டிவ். திட்டமிட்ட அறுவை சிகிச்சையில் உங்கள் ரத்தத்தை அவருக்குக் கொடுத்திருக்க மாட்டார்கள். பிரிவு ஒத்துப்போயிருந்தாலும்கூட, பெற்ற பிள்ளையின் ரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தாமல் தாய் தந்தையருக்கு ஏற்றுவது சரியல்ல. நெருங்கிய உறவினரின் வெள்ளணுக்களை, ரத்தம் பெறுபவரின் உடல் அந்நியமாக அடையாளம் காணத் தவறிவிடலாம். அவை உள்ளேயே தங்கிப் பெருகி, அவரையே தாக்கும். மிக அரிதாக நேர்வதுதான், நேர்ந்தால் பிழைப்பது கடினம். ஆகவே மார்ச் மாதத்தைப் பற்றிய அந்தப் பாரத்தை இறக்கி வைத்துவிடுங்கள்.

ஆனால் உங்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது. பல ஆண்டுகளாக ஆண்டுக்கு இரண்டு முறை வந்துகொண்டிருந்தவர் நீங்கள். முதல் சில வாரங்கள் நீங்கள் வராதது எங்களைப் பெரிதாக வதைக்கவில்லை. ஆறு மாதம் கழித்தும், ஒரு வருடம் கழித்தும் உங்களைப் போன்றவர்கள் திரும்பி வராததுதான் ரத்த வங்கிகளைத் தள்ளாட வைத்தது. ரத்த வங்கி மருத்துவராக அந்த ஆண்டுகளைக் கடந்து வந்தவர்களில் பெரும்பாலோர் இதையே சொல்வார்கள். ஏன் என்பதை விளக்கினால் உங்கள் மற்ற கேள்விகளுக்கும் அதிலேயே பதில் கிடைக்கும்.

'மிச்சமாகியிருக்க வேண்டாமா' என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. வங்கி என்ற பெயரே இந்த எண்ணத்தைத் தருகிறது: போட்டு வைத்தால் இருக்கும், எடுக்காவிட்டால் சேரும். எங்கள் குளிரறைக்கு ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும். 2 முதல் 6 டிகிரிக் குளிரில் சிவப்பணுப் பைகள் பிரிவு வாரியாக நிற்கும். ஒவ்வொரு தட்டிலும் காலாவதித் தேதி நெருங்கியவை முன்வரிசையில். காலையில் முதல் வேலை, முன்வரிசையை எண்ணுவது. இன்னும் ஐந்து நாளில் முடியப்போகிற பை எத்தனை, அதை எந்த நோயாளிக்கு உடனே பயன்படுத்த முடியும் என்று பார்ப்பது. பக்கத்து அறையில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் பைகள். அவற்றைக் குளிரில் வைக்கக்கூடாது. 20 முதல் 24 டிகிரியில், இரவும் பகலும் மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும் தட்டுகளில் வைத்திருப்போம். பையை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து லேசாகச் சுழற்றினால் உள்ளே பட்டு நூல் போல ஒரு சுழல் மின்னும். தட்டணுக்கள் நல்ல வடிவத்தில் இருப்பதற்கு அது அடையாளம். மின்னாத பையைக் கொடுக்க மாட்டோம். இந்தப் பைகளின் ஆயுள் ஐந்து நாள். கூடுதலாக பாக்டீரியா சோதனை செய்யும் இடங்களில் ஏழு நாள். அதிலும் கொடையாளரின் ரத்தத்தை நோய்க்கிருமிகளுக்காகப் பரிசோதித்து முடிப்பதற்கே ஒரு நாளுக்கு மேல் போய்விடும். உறைய வைத்த பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியை, மட்டும்தான் ஓராண்டோ அதற்கு மேலோ வைத்திருக்க முடியும்.

எனவே ஏப்ரலில் செலவாகாத ரத்தம் ஜூலைக்கு உதவாது. கிணற்றில் இறைக்காமல் விட்டால் தண்ணீர் நிற்கும்; ரத்தமோ வாய்க்கால் போன்றது. வந்துகொண்டே இருந்தால்தான் இருக்கும்.

2020இல் நடந்தது என்னவென்றால், இந்த வாய்க்காலின் இரு முனையும் ஒரே வாரத்தில் அடைபட்டன. ஆனால் ஒரே நேரத்தில் திறக்கவில்லை.

வரும் முனையை முதலில் பாருங்கள். ரத்தத்தில் பெரும்பங்கு வருவது வங்கியின் வாசலுக்கு வருகிறவர்களிடமிருந்து அல்ல, முகாம்களிலிருந்து. கல்லூரி, அலுவலகம், தொழிற்சாலை, வழிபாட்டு இடம் என்று கூட்டம் கூடும் இடங்களுக்கு நாங்கள் போய்ப் பெறுவது. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் சேகரிக்கும் ரத்தத்தில் 80 சதவீதத்துக்கு மேல் இப்படித்தான் வருகிறது. 2020 மார்ச் 17 அன்று அந்தச் சங்கம் வெளியிட்ட கணக்கில், ஏறக்குறைய 2,700 முகாம்கள் ரத்தாகியிருந்தன. அதனால் வராமல் போன ரத்தம் சுமார் 86,000 யூனிட். பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்து ஒரு வாரம்கூட ஆகாத நிலையில் வந்த கணக்கு இது. கூடும் இடங்கள் மூடப்பட்ட அன்றே முகாம்களும் மூடப்பட்டுவிட்டன. திறந்திருந்த மையங்களிலும் படுக்கைகளுக்கிடையே இடைவெளி விட வேண்டியிருந்தது. பத்துப் பேர் படுத்த இடத்தில் ஐந்து பேர்தான். பணியாளர்களில் சிலர் தனிமைப்படுத்தலில். ரத்தம் எடுக்கப் பயிற்சி பெற்றவர்களைத் தொற்று வார்டுகளுக்கு அனுப்பிவிட்ட மருத்துவமனைகளும் உண்டு.

செலவாகும் முனையிலும் முதல் வாரங்களில் பெரிய வீழ்ச்சிதான். நீங்கள் நினைத்தது பொய்யல்ல. மூட்டு மாற்று போன்ற, தேதி குறித்துச் செய்யும் அறுவை சிகிச்சைகள் நின்றன. சாலைகள் வெறிச்சோடியதால் விபத்துக் காயங்கள் குறைந்தன. தொற்றுக்காகச் சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு ரத்தமே தேவைப்படவில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது ஆக்சிஜன். தீவிர சிகிச்சையில் வாரக்கணக்கில் படுத்திருந்தவர்களுக்குத்தான் ரத்தம் வேண்டியிருந்தது. நாள்தோறும் பலமுறை பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பது, நீடித்த அழற்சி, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்தால் ஏற்படும் கசிவு எல்லாம் சேர்ந்து அவர்களைச் சோகையில் தள்ளும். உடலுக்கு வெளியே ரத்தத்தைச் செலுத்தி ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் இயந்திரத்தில் இணைக்கப்பட்ட ஒரு நோயாளிக்கே பல யூனிட் செலவாகும். அப்படிப்பட்டவர்கள் எண்ணிக்கையில் குறைவு.

ஆனால் பெருந்தொற்று ஆண்டிலும் ஒரு நாள்கூட நிற்காத தேவைகள் சில உண்டு. அவற்றைப் பற்றித்தான் மக்களிடம் நாங்கள் போதிய அளவு பேசவில்லை என்று இன்றும் எனக்கு வருத்தம். பிரசவம் எந்தத் தொற்றுக்காகவும் காத்திருப்பதில்லை. பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு ஒரு தாயைச் சில மணி நேரத்துக்குள் கொண்டுபோய்விடும். ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருப்பவருக்கு எலும்பு மஜ்ஜை வேலை செய்யாத வாரங்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை தட்டணு வேண்டும். வயிற்றுப் புண்ணிலிருந்து கசியும் ரத்தம் ஊரடங்கு முடியட்டும் என்று நிற்காது. பிறகு தலசீமியா: போதிய ஹீமோகுளோபினை உடலால் உருவாக்க முடியாத பரம்பரை நோய்.

2020 ஏப்ரல் கடைசியில் ஒரு தாய் தன் ஒன்பது வயது மகனை அழைத்துவந்தார். தலசீமியா உள்ள பையன். மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றிக்கொள்பவன். வாகனம் கிடைக்காமல், அனுமதிச் சீட்டு கிடைக்காமல், ஐந்து வாரம் கடந்திருந்தது. ரத்தம் ஏற்றுவதற்கு முன் இவர்களுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 9 முதல் 10.5 கிராம் வரை இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் முறை. அவனுக்கு அன்று 5.8. நாற்காலியில் அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தான். பேசச் சொன்னால் தலையை மட்டும் ஆட்டினான். அவனுக்குப் பொருந்தும் பை அன்று எங்களிடம் ஒன்றே ஒன்று இருந்தது. அவனுடைய அம்மா தொற்றைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அடுத்த முறை எந்தத் தேதிக்கு வரட்டும் என்று கேட்டார். அந்தத் தேதியில் பை இருக்கும் என்று உறுதி சொல்ல என்னால் முடியவில்லை. ஒரு ரத்த வங்கி மருத்துவர் சொல்லக் கூசும் பதில் அது.

இரண்டாவது கட்டம்தான் உங்கள் அப்பாவைப் பாதித்தது. ஓர் உத்தரவில் நிறுத்திய அறுவை சிகிச்சைகளை ஓர் உத்தரவில் மீண்டும் தொடங்கிவிடலாம். தள்ளிப்போனவை எல்லாம் வரிசையில் காத்திருக்கும். புற்றுநோயைத் தாமதமாகக் கண்டறிந்தவர்கள் முற்றிய நிலையில் வந்து சேர்வார்கள். சாலையில் வண்டிகள் ஓடத் தொடங்கும். ஒரு சில வாரத்தில் தேவை பழைய அளவைத் தொட்டு, அதற்கு மேலும் போய்விடும். ஆனால் கல்லூரி திறக்கவில்லை, அலுவலகங்கள் வீட்டிலிருந்தே நடக்கின்றன, கொடையாளரின் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. 2022 ஜனவரியில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் தன் வரலாற்றில் முதல் முறையாக நாடு தழுவிய ரத்த நெருக்கடியை அறிவித்தது. பெருந்தொற்று தொடங்கியதிலிருந்து கொடையாளர் எண்ணிக்கை 10 சதவீதம் குறைந்திருந்தது. பள்ளி, கல்லூரி முகாம்கள் 62 சதவீதம் குறைந்திருந்தன. இங்கிலாந்தின் தேசிய ரத்த சேவை முதல் முறையாக, கையிருப்பு குறைந்துவிட்டதைக் குறிக்கும் அம்பர் எச்சரிக்கை விடுத்து, அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கலாம் என்று மருத்துவமனைகளுக்குத் தெரிவித்தது 2022 அக்டோபரில். அங்கே பணியாளர் பற்றாக்குறை முக்கியக் காரணமாக இருந்தது. தேதிகளைக் கவனியுங்கள். பெருந்தொற்று தொடங்கி ஏறக்குறைய இரண்டும் இரண்டரையும் ஆண்டுகள் கழித்து. பயம் குறைந்து, செய்திகளில் பேச்சு அடங்கி, 'எல்லாம் சரியாகிவிட்டது' என்று நாம் மூச்சு விட்ட நேரத்தில்தான் அலமாரி காலியாக இருந்தது.

அதிலும் ஓ நெகட்டிவ் நிலைமை எப்போதும் இன்னும் நெருக்கடியானது. ஓ நெகட்டிவ் உள்ளவர் ஓ நெகட்டிவை மட்டுமே பெற வேண்டும். ஆனால் பிரிவு தெரியாமல் அவசரத்தில் வரும் நோயாளிக்கு, முக்கியமாகக் குழந்தை பெறும் வயதுப் பெண்ணுக்கு, எடுத்துக் கொடுப்பதும் ஓ நெகட்டிவ்தான். இருக்கும் நான்கு பையை உயிர் போகும் அவசரத்துக்கென்று ஒதுக்கி வைத்த பிறகு, தேதி குறித்த அறுவை சிகிச்சைக்கு இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் அப்பாவின் தேதி தள்ளிப்போனது அவரை யாரும் பொருட்படுத்தாததால் அல்ல. நள்ளிரவில் வரக்கூடிய முகம் தெரியாத ஒருவருக்காக வைத்திருந்த பையைத் தொட யாருக்கும் மனம் வராததால்.

இங்கேதான் உங்கள் ஓ பாசிட்டிவ் ரத்தம் வருகிறது. அவசரத்தில் வரும் ஆண்களுக்கும், குழந்தை பெறும் வயதைக் கடந்த பெண்களுக்கும், பிரிவு தெரியும்வரை ஓ பாசிட்டிவே போதும் என்று பல மருத்துவமனைகள் விதி வைத்திருக்கின்றன. ஓ பாசிட்டிவ் தாராளமாக இருந்தால் ஓ நெகட்டிவைக் கைவைக்காமல் காக்கலாம். உங்கள் பை உங்கள் அப்பாவின் உடலுக்குள் போகாது. ஆனால் அவருக்கான பையை அலமாரியில் தங்க வைக்கும்.

இனி அந்த ஒரு யூனிட். பற்றாக்குறையால் குறைத்தார்களோ என்று சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். நோயாளியின் கோப்பைப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆனால் ஒரு யூனிட்டோடு நிறுத்துவது இன்று நல்ல மருத்துவத்தின் அடையாளம் என்று தயங்காமல் சொல்வேன். முன்பெல்லாம் ஹீமோகுளோபின் 10க்குக் கீழே வந்தாலே இரண்டு யூனிட் ஏற்றிவிடுவது வழக்கம். 1999இல் வெளியான கனடா ஆய்வு ஒன்று தீவிர சிகிச்சை நோயாளிகள் 838 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு 10க்குக் கீழே வந்ததும் ரத்தம், மறு பாதிக்கு 7க்குக் கீழே வந்த பிறகே ரத்தம். குறைவாக ஏற்றியவர்கள் எந்த வகையிலும் மோசமாகிவிடவில்லை. உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு 2011இல் வந்தது. இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,016 பேர், பெரும்பாலும் முதியவர்கள், இதய நோயோ அதற்கான அபாயமோ உள்ளவர்கள். 8 கிராம்வரை பொறுத்திருந்தவர்களும், 10 கிராமிலேயே ஏற்றிக்கொண்டவர்களும் அறுபது நாள் கழித்து உயிரோடிருப்பதிலும் துணையின்றி நடப்பதிலும் வேறுபடவில்லை.

அதனால்தான் ஒன்றை ஏற்றி, நோயாளியைப் பார்த்து, மீண்டும் ஹீமோகுளோபினைப் பார்த்து, பிறகே இரண்டாவதை முடிவு செய்கிறார்கள். ஒரு யூனிட் பெரியவருக்கு ஹீமோகுளோபினை ஏறக்குறைய 1 கிராம் உயர்த்தும். அது போதுமென்றால் இரண்டாவது பை மருந்தல்ல, தேவையற்ற அபாயம்: ஒவ்வாமை, முதியவரின் இதயத்துக்கு நீர்ச்சுமை. இந்த ஒழுங்கை மருத்துவமனைகள் முன்பே கடைப்பிடித்திருக்க வேண்டும். பல இடங்களில் பெருந்தொற்றுதான் கட்டாயப்படுத்தியது. ஒவ்வொரு பைக்கும் காரணம் கேட்டார்கள். அறுவை சிகிச்சைக்கு முன்பே சோகையை இரும்புச்சத்து கொடுத்துச் சரிசெய்தார்கள். ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் அமிலம் என்ற விலை குறைந்த, பழைய மருந்தை மறக்காமல் கொடுத்தார்கள். விபத்துக் காயங்களிலும் (2010, இருபதாயிரத்துச் சொச்சம் நோயாளிகள்), பிரசவ ரத்தப்போக்கிலும் (2017, அதே அளவு) அதன் பலன் பெரிய ஆய்வுகளில் நிறுவப்பட்டிருக்கிறது. 2021இல் உலக சுகாதார நிறுவனமும் நோயாளியின் சொந்த ரத்தத்தைக் காக்கும் இந்த அணுகுமுறையை எல்லா நாடுகளும் உடனே கைக்கொள்ள வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டுகள் எங்கள் துறைக்குக் கற்றுத்தந்தவற்றில் இழக்கக்கூடாதது இது. தொற்று தணிந்ததும் பழையபடி 'எதற்கும் இரண்டு யூனிட்' என்று எழுதத் தொடங்கிவிட்ட இடங்களும் உண்டு. அதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

தயாராக வைத்த இரண்டாவது பை வீணாகியிருக்காது. குளிர்நிலை கெடாமல் வங்கியிலேயே இருந்திருந்தால், பொருத்தம் பார்த்து வேறொருவருக்குப் போயிருக்கும்.

கொடுத்தவருக்கு அறிகுறியில்லாத தொற்று இருந்திருந்தால்? கொரோனா வைரஸ் மூச்சுப்பாதை வழியாகப் பரவுவது. ரத்தம் ஏற்றியதால் அது பரவியதாக உலகில் எங்கும் உறுதிப்படுத்தப்படவில்லை. 2003இன் சார்ஸ், பிறகு வந்த மெர்ஸ் ஆகியவற்றிலும் அப்படியே. தென் கொரியாவில் 2020இல் தட்டணு தானம் செய்த ஒருவருக்குச் சில நாளில் கோவிட் உறுதியானது; அந்தத் தட்டணுக்களைப் பெற்றவரோ எலும்பு மஜ்ஜை செயலிழந்து எதிர்ப்புச் சக்தியே இல்லாதவர். அவருக்குத் தொற்றவில்லை. உங்கள் அப்பாவைப் பற்றி இந்த வகையில் கவலைப்பட வேண்டாம்.

ஆனால் எல்லாத் தொற்றுக்கும் இதே பதில் பொருந்தாது. கொசு பரப்பும் வைரஸ்கள் பல, அறிகுறி தெரியாத நாட்களிலும் ரத்தத்தில் ஏராளமாக இருக்கும். அமெரிக்காவில் 2002இல் வெஸ்ட் நைல் வைரஸ் ரத்தம் வழியாக 23 பேருக்குப் பரவியது; மறு ஆண்டே எல்லாக் கொடையாளர் ரத்தத்தையும் அதற்காகச் சோதிக்கத் தொடங்கினார்கள். 2016இல் ஜிகாவுக்கும் அப்படியே. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் சிக்குன்குனியா பரவிய 2006 ஜனவரியில் அங்கே ரத்தம் சேகரிப்பதையே நிறுத்திவிட்டு, பிரான்ஸிலிருந்து சிவப்பணுக்களை வரவழைத்தார்கள். ஐந்து நாளே தாங்கும் தட்டணுக்களை அவ்வளவு தொலைவிலிருந்து நம்பியிருக்க முடியாதே! அவற்றை மட்டும் தீவிலேயே சேகரித்து, கிருமியைச் செயலிழக்கச் செய்யும் முறையைப் புகுத்திப் பயன்படுத்தினார்கள். எனவே புதிய தொற்று ஒன்று வரும்போது, 'ரத்தம் கொடுக்கலாமா' என்பதற்கு அது எந்த வழியில் பரவுகிறது என்பதைப் பொறுத்தே ரத்த வங்கி பதில் சொல்லும். அந்தப் பதிலை அவர்களிடமே கேளுங்கள். பகிரப்படும் செய்திகளிலிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும், தயங்கியவர்கள் பலர் கேட்ட ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன்: ரத்தம் கொடுத்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்து தொற்றுக்கு ஆளாவோமா? இல்லை. உடலின் வெள்ளணுக்களில் பெரும்பகுதி மஜ்ஜையிலும் திசுக்களிலும் இருக்கிறது. பையில் போவது சொற்பம். இழந்த திரவம் ஓரிரு நாளில் நிரம்பிவிடும், சிவப்பணுக்கள் சில வாரங்களில். மெதுவாகத் திரும்புவது இரும்புச்சத்து மட்டுமே. ஒரு முறை கொடுக்கும்போது 200 முதல் 250 மில்லிகிராம்வரை போகிறது.

அந்த நாட்களில் தொற்றிலிருந்து மீண்டவர்களின் பிளாஸ்மாவுக்காக எத்தனை வேண்டுகோள்கள் வந்தன என்பது உங்களுக்கு நினைவிருக்கும். இந்தியாவில் 464 நோயாளிகளிடமும், பிரிட்டனில் 11,500க்கு மேற்பட்டவர்களிடமும் நடந்த ஆய்வுகளில், மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் உயிரை அது காப்பாற்றவில்லை என்று தெரிந்தது. கொடுக்க வந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இரவெல்லாம் பயணம் செய்து வந்தவர்கள் உண்டு. பிளாஸ்மா வேண்டும் என்று சொல்ல நாடு முழுக்கக் குரல் எழுந்தது, தட்டணு இல்லாமல் ஈறிலிருந்து ரத்தம் கசிந்தபடி படுத்திருந்த குழந்தைக்காக அந்தக் குரல் எழவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

இன்னொரு பெருந்தொற்று வந்தால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். முதல் வாரத்தில் வேண்டுகோளைப் பார்த்து ஓடி வராதீர்கள் என்றுதான் தொடங்குவேன். வினோதமாகத் தோன்றலாம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்று கொடுத்ததில் வழக்கத்துக்கு மேல் பல லட்சம் யூனிட் சேர்ந்தது. காயமடைந்தவர்களுக்குத் தேவைப்பட்டதோ முந்நூறுக்கும் குறைவு. ஒரே வாரத்தில் வந்த ரத்தம், சில வாரங்கள் கழித்து, ஒன்றாகவே காலாவதியாகும். அதைவிட மோசம், கொடுத்தவர்கள் எல்லோரும் ஒன்றாக ஓய்வுக் காலத்துக்குள் போய்விடுவார்கள். இந்த இடைவெளி நாட்டுக்கு நாடு 8 வாரத்திலிருந்து நான்கு மாதம்வரை. அறுவை சிகிச்சைகள் மீண்டும் தொடங்கும் நாளில், கொடுக்கத் தகுதியுள்ளவர் யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

ஆகவே தொலைபேசியில் அழைத்து, உங்கள் பிரிவு எந்த வாரத்தில் தேவைப்படும் என்று கேட்டு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். முகாம் ரத்தானால் மையத்துக்கு நேராகப் போகலாம். நோயாளிகள் வரும் வாசல் வேறு, கொடையாளர் வாசல் வேறு என்று பிரித்து வைத்திருப்பார்கள், சந்தேகமென்றால் கேட்டுவிட்டே போங்கள். ஊரடங்கு இருந்தால் பயண அனுமதிக்கான கடிதத்தை ரத்த வங்கியிடமே கேட்டுப் பெறுங்கள். உங்களுக்குத் தொற்று வந்து குணமானால் எத்தனை நாள் கழித்துக் கொடுக்கலாம் என்பது கோவிட்டில் 10 நாளிலிருந்து 28 நாள்வரை நாட்டுக்கு நாடு மாறியது. தடுப்பூசிக்கும் அப்படித்தான், வகையைப் பொறுத்து. கொடுத்துவிட்டு வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோ இருமலோ வந்தால் உடனே ரத்த வங்கிக்குச் சொல்லுங்கள். பை இன்னும் வெளியே போகாமலிருந்தால் நிறுத்திவைப்பார்கள். சொல்லத் தயங்குபவர்கள் பலர்; அந்த ஓர் அழைப்புக்கு நாங்கள் எவ்வளவு நன்றியோடு இருப்போம் என்று அவர்களுக்குத் தெரியாது.

எல்லாவற்றையும்விட, மூன்றாவது மாதத்திலும் எட்டாவது மாதத்திலும் வாருங்கள். யாரும் அழைக்காத அந்த மாதங்களில்.

இப்போது உங்களுக்கு. இடைவெளி விழுந்துவிட்டதால் கொடையாளர் என்ற தகுதி போய்விடாது. முதலில் ஹீமோகுளோபினைப் பார்த்துவிடுங்கள். பெண்களுக்குக் குறைந்தது 12 அல்லது 12.5 கிராம் கேட்பார்கள். 41 வயதில் மாதவிடாயால் இரும்புச்சத்து இழப்பவர்கள் அதிகம். முடிந்தால் உடலில் சேமிப்பிலுள்ள இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்த்து, குறைவாக இருந்தால் மருத்துவர் சொல்படி மாத்திரை எடுத்துக்கொண்டு, பிறகு கொடுங்கள். பழைய கொடையாளர் அட்டை இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்; உங்கள் பதிவைத் தேட அது உதவும். இந்த இடைப்பட்ட ஆண்டுகளில் தொடங்கிய மருந்துகள், செய்துகொண்ட சிகிச்சைகள் எல்லாவற்றையும் படிவத்தில் எழுதுங்கள். கொடுத்து முடித்து, பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருக்கச் சொல்வார்கள் அல்லவா, அந்த நேரத்தில் வரவேற்பு மேசையில் கேட்டு, அடுத்த முறைக்கான தேதியையும் அன்றே குறித்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.